காற்று வந்த பக்கம்

கார் தெருவுக்குள் வரத் தோதில்லாமல் காலனி முனையிலேயே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி நடந்து வந்து, "எம்.எல்.ஏ. அண்ணன் உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க" என்றபோது ஐயாசாமி வாசல்படியில் உட்கார்ந்து இளைப்புக்கான பம்பை வாயில் வைத்து மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சு ஒரு நிலைக்கு வர நேரம் பிடித்தது. டிரைவர் நல்ல பையன். அதைப் பார்க்காதவன்போல எதிர்வீட்டு முருங்கைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஐயாசாமியின் மனைவி மாரியாத்தாள் காரில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஊர்ச்சனம் மொத்தமும் டெம்போவில் போகிறது, தான் மட்டும் காரில் போய் இறங்கினால் நன்றாக இருக்காது என்றாள். "நீங்க போங்க. உங்களத்தானே கூப்புட்டிருக்குது" என்று அவள் சொன்னதில் குத்தல் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சூலூருக்குப் போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். ஊருக்குத் தெற்கே இருக்கும் பாறைக்குழியை இன்னும் அகலமாக வெட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அனுமதி கிடைத்துவிட்டால் குழியின் விளிம்பு, பக்கத்தில் விவசாயம் பார்க்கும் ரங்கம்மாளின் தோட்டத்து வேலிக்கும் காலனியின் பின்சுவருக்கும் வந்துவிடும். இப்போதே வெடி வைக்கும்போதெல்லாம் அடுக்களைப் பாத்திரங்கள் நடுங்குகின்றன. ரங்கம்மாளின் போர்க்குழாயில் தண்ணீர் முதலில் கலங்கலாக வந்து, அப்புறம் வெறும் காற்றாக வந்து, நின்றே போய்விட்டது. மனுக்கொடுத்து அலுத்த சனங்களுக்கு ஐயாசாமி ஒன்றைத்தான் சொல்லிவந்தார். எம்.எல்.ஏ.வாகக் கதிரேசன் இருக்கிறான். அவன் அந்தக் குழிக்குள் கிடந்தவன். அவன் பார்த்துக்கொள்வான்.

கதிரேசன் அதே காலனிக்காரன்தான். மீசை சரியாக முளைக்காத வயதில், அப்பன் செத்த கையோடு, ஐயாசாமி பிடித்த பாறை டிரில்லுக்கு ஜோடி ஆள் வேண்டுமென்று வந்து நின்றான். அவனுடைய ஆத்தா ஐயாசாமியைப் பார்த்து, "உன்ர தம்பியாட்டப் பாத்துக்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாறையில் குழி போடும்போது மாவுபோலக் கல்தூசி எழும்பும். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் மேல்காற்று அதை அப்படியே கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். டிரில்லின் கிழக்குப் பக்கம் நிற்பவன் அத்தனையையும் குடிக்க வேண்டும். மேற்கே நின்று ஓஸ் குழாயைப் பிடிப்பவனுக்குப் பாதிகூட வராது. வந்த முதல் நாளே இருமத் தொடங்கியவனைப் பார்த்து ஐயாசாமி, "நீ மேக்கால நில்லு கதிரு" என்றார். அவ்வளவுதான். அதைப்பற்றி மறுபடி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. கதிரேசன் அந்த வேலையில் இருந்த வருசங்கள் முழுக்க மேற்கேதான் நின்றான். பிறகு பாறை சரிந்து இரண்டு பேர் செத்தபோது அவன்தான் சங்கம் கட்டினான். பேச்சு அவனுக்கு வந்தது. கட்சி அவனைத் தேடி வந்தது.

போன தேர்தலில் திறந்த ஜீப்பில் ஐயாசாமியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஊர் ஊராகப் போனான். பல்லடம் ரோட்டிலும் சூலூர்ச் சந்தையிலும் அவர் கையை உயர்த்திப் பிடித்து, "இந்த அண்ணன் நெஞ்சுல கல்லு படிஞ்சுபோச்சுங்க. இதுக்கு ஞாயங் கேக்கத்தான் நான் சட்டசபைக்குப் போறேன்" என்றான். சொல்லி முடித்தும் அவர் கையை அவன் விடவில்லை. அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் ஐயாசாமி சத்தியம் செய்வார்.

மண்டபத்து வாசலிலேயே கதிரேசன் அவரைக் கட்டிப்பிடித்து, முன்வரிசையில் அதிகாரிகளுக்கு அடுத்த நாற்காலியில் உட்காரவைத்தான். திரும்பிப் பார்த்தால் ஊர்ச்சனம் பின்னால் இருந்தது. மாரியாத்தாள் காலனிக்காரி பாத்திமுத்துவுக்குப் பக்கத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். முதலில் ரங்கம்மாள் பேசினாள். எழுதி வைத்துப் படிக்கவில்லை. வறண்ட கிணற்றைச் சொன்னாள், விரிசல் விட்ட சுவரைச் சொன்னாள், கடைசியில், "எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க. மிச்சத்த எங்க எம்.எல்.ஏ. சொல்லுவாருங்க. குழிக்குள்ள இருந்தவருக்குத்தான் அதும்பட வேதனை தெரியும்" என்று சொல்லி உட்கார்ந்தாள். சனம் கைதட்டியது. ஐயாசாமியும் தட்டினார்.

கதிரேசன் எழுந்து மைக்கைப் பிடித்தான். ரோடு வரும் என்றான். வேலை வரும் என்றான். ஐயாசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எதையும் சுற்றி வளைத்துத் தொடங்குவது அவன் வழக்கம். கம்பெனி போடப்போகும் மரக்கன்றுகளைப் பற்றி அவன் பேசியபோதுதான் அவருக்குள் ஏதோ இறங்கியது.

"தூசி தூசிங்கறாங்க. நான் திங்காத தூசிங்களா? இதே குழிக்குள்ள டிரில்லுப் புடிச்சவன் நானு. போன மாசந்தான் கோயமுத்தூர்ல நெஞ்சுப் படம் எடுத்தேன். கண்ணாடியாட்ட இருக்குதுன்னு டாக்டரு சொன்னாருங்க." சிரித்தான். "என்னைய உடுங்க. எங்கூட ஜோடி நின்ன ஐயாசாமியண்ணன் இதோ இருக்காரு. கல்லாட்ட உக்காந்திருக்காரு. மேல வாங்கண்ணா."

யாரோ கைலாகு கொடுத்தார்கள். மேடைக்கு நாலைந்து படிதான். ஏறி முடித்தபோது நெஞ்சுக்குள் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பம்பு சட்டைப் பையில் இருந்தது. அதை இந்த இடத்தில் எடுக்க ஏனோ கை போகவில்லை. எடுத்திருந்தால் அதுவே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தோன்றியது. கதிரேசன் ஒரு பொன்னாடையைத் தோளில் போட்டு, மைக்கை அவர் வாயருகே நீட்டி, "ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணா" என்றான்.

கண்ணாடி என்ற சொல்தான் காதுக்குள் நின்றது. அந்தக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தவர் அவர். சொல்ல எவ்வளவோ இருந்தது. இருந்த மூச்சு ஒரு வரிக்குத்தான் காணும்.

"கதிரு, உன்னைய மேக்கால நிறுத்துனது நாந்தானே" என்றார்.

அது மைக்கில் போகவில்லை. அவர் வாயைத் திறந்த கணத்தில் அவர் முகத்தைப் பார்த்தே கதிரேசன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனுக்குக் கேட்டது. முகம் ஒரு நொடி பழைய முகமாக, ஆத்தாளின் பின்னால் ஒதுங்கி நின்ற பையனின் முகமாக ஆனது. ஐயாசாமி அந்த ஒரு நொடியை நம்பினார். அப்புறம் அவன் அவர் தோளை அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "அண்ணனுக்குப் பேச்சு வருல. பழசெல்லாம் நெனச்சுக் கலங்கிப்போட்டாரு" என்றான். முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை தட்டவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ரங்கம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தாள்.

"உன்னையக் குத்தஞ் சொல்லல ஐயாசாமி. கார் அனுப்பிக் கூப்புட்டா ஆருந்தான் போவாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்ல அவர் மூச்சைச் சேர்ப்பதற்குள் அவள் போய்விட்டாள். மாரியாத்தாளை எங்கேயும் காணவில்லை.

டிரைவர் கார்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஐயாசாமி அவனைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார். பொன்னாடையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். எறியவும் மனம் வரவில்லை, போடவும் வரவில்லை. ஊர் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஜல்லி ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. புளியமரத்துக்குப் புளியமரம் நின்று, பம்பை இழுத்து, மறுபடி நடந்தார்.

டெம்போ பின்னாலிருந்து வந்து அவரைக் கடந்து போனது. நெருக்கியடித்து நின்ற முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். ஒன்றும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்சத் தூரம் போய், வேகத்தடையருகே அதன் பின்விளக்குகள் சிவந்தன. தடையை ஏறி இறங்கியும் அவை அணையவில்லை. வண்டி ஓரங்கட்டி, எஞ்சின் ஓடியபடி நின்றது. உள்ளே பெண்கள் சத்தமாக ஏதோ பேசிக்கொண்டார்கள். வாக்குவாதம்போலவும் இருந்தது. அதில் மாரியாத்தாளின் குரல் இருந்ததா என்று இந்தத் தூரத்தில் தெரியவில்லை. ஓடினால் எட்டிவிடலாம். அவர் ஓடக்கூடியவர் இல்லை. சிவப்பு விளக்குகளின்மேல் கண்ணை வைத்து, எதிர்க்காற்றில் ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார்.