தானாக இறங்கிய புடவைகள்

1974 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆரணியில் ரேணுகாம்பாள் கடையின் மேல்தட்டிலிருந்து அரக்குப் பட்டுப்புடவை ஒன்று தானாக இறங்கி, போளூரிலிருந்து வந்திருந்த கல்யாணப்பெண்ணின் மடியில் உட்கார்ந்தது. அன்று அரிசி மூட்டை என்ன விலை விற்றது என்று நினைவு வைத்திருப்பவர்கள் இதையும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய ஐப்பசியில்தான் ரேணுகாம்பாளின் புருஷன் தசரதன் இறந்துபோனார். தாலியறுத்தவள் கையால் முகூர்த்தப் புடவை வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்? வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். அந்தச் சின்னக் கடையை நம்பி எட்டுக் கைத்தறிகள் இருந்தன. "நீங்க மூடிட்டா எங்க தறியும் நின்னுடும்மா. இந்தக் கட்டம் போட்ட பொடவய பெரிய கடைக்காரன் எவனும் வாங்க மாட்டேன்றான்" என்று நெசவாளி சடையன் சொல்லிவிட்டுப் போனார். அதனால் அவள் மூடவில்லை. தொடாமல் விற்க வழி தெரியாமல் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் புடவைகள் இறங்கின.

அவை அவசரப்படவில்லை. பெண்ணை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நிறம் ஒத்துவந்தால் மடியில் அமரும். இல்லாவிட்டால் தட்டுக்கே திரும்பும். பதினோரு வருஷம் வியாபாரம் இப்படியே நடந்தது. ஒருமுறை விசைத்தறிப் புடவை பத்து வாங்கி அடுக்கிப் பார்த்தாள். அவை கட்டை மாதிரி கிடந்தன. "மிஷின் பொடவ கூப்ட்டா வராது. ஒரு ஆளு உக்காந்து நெய்ஞ்சதுதான் ஆளத் தேடி வரும்" என்று கலசப்பாக்கம் வரை பேச்சு. பஸ் பிடித்து வந்தார்கள். புடவையைப் பார்த்து "வா கண்ணு, எறங்கு" என்று கொஞ்சினார்கள். பணத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு, ரேணுகாம்பாளின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். நல்ல காரியத்துக்குப் போகும்போது பார்க்கக்கூடாதல்லவா! ஆரணியிலேயே அதிகக் கூட்டம் வந்த கடையில் அவளைவிடத் தனியான மனுஷி இல்லை. ஒரு வார்த்தை பேசாமலே கழிந்த வாரங்கள் உண்டு.

1985 வைகாசியில் கண்ணகி என்ற கல்யாணப்பெண் தாயோடு வந்தாள். புடவைகள் அசையவில்லை. தாய் கொஞ்சினாள், அதட்டினாள், கற்பூரம்கூட ஏற்றினாள். ஒன்றும் இறங்கவில்லை. "சகுனமே சரியில்ல, ஏந்திரு" என்று கிளம்பினாள். புடவைகள் கைவிட்டால் எட்டுத் தறிக்கும் ரேணுகாம்பாளுக்கும் வேறு கதி கிடையாது.

கண்ணகி எழுந்திருக்கவில்லை. "எனக்கு அந்தப் பச்சக் கட்டம் புட்ச்சிருக்குது. அது வரலன்னா இன்னா? அக்கா, நீங்களே எடுத்துக் குடுங்க."

"நானாம்மா?"

"ஏன், உங்களுக்குக் கை இல்லியா?"

ரேணுகாம்பாள் எடுத்தாள். புடவை எல்லாப் புடவையையும் போலத்தான் கனத்தது. இரண்டு கையாலும் நீட்டியபோது கண்ணகியின் விரல்கள் அவள் விரல்கள்மேல் பட்டன. பதினோரு வருஷத்தில் அவளைத் தொட்ட முதல் ஆள். அவள் அழுதுவிட்டாள், அழாமல் என்ன செய்வாள்?

அதன்பிறகு புடவைகள் இறங்கவே இல்லை. வந்தவர்களில் பாதிப்பேர் முகம் சுளித்துப் போய்விட்டார்கள். பாதிப்பேர் கை நீட்டி வாங்கினார்கள். மூன்று தறி நின்றது, ஐந்து ஓடியது. புடவைகளுக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுக்கக் கடையில் ஆள் இருக்கும்போது அவை எதற்கு இறங்க வேண்டும்?