உடைந்த கண் சொன்ன சேதி

ஹான்கோவில் ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் மேடை போட்டிருந்தார்கள். கணினி விளையாட்டின் நகர இறுதிப்போட்டி. முதல் இரண்டு ஆட்டங்களில் அணிக்கொன்று ஜெயித்து, மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. தெங் வெய் அப்பாவிடம் ஒப்புக்கொண்டு வந்திருந்தான்: இன்று தோற்றால் விளையாட்டுக்கு மூட்டை கட்டிவிட்டு, சியாங்யாங்கில் சித்தப்பாவின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டும்.

ஐந்து பேர் அணியில் அவன்தான் வில்லாளி. எதிரியைச் சாய்ப்பது அவன் வேலை. அவனை உயிரோடு வைத்திருப்பது மியாவ் ஷுவின் வேலை. வரைபடத்தில் தங்கள் ஆட்கள் நிற்கும் இடம் மட்டும்தான் வெளிச்சம். மற்றதெல்லாம் இருட்டு. அங்கே பார்க்க வேண்டுமானால் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் கடையில் ஒரு கண் வாங்கி நட வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு அந்தச் சுற்றுவட்டாரம் தெரியும். மூன்று வருடத்தில் தெங் வெய் ஒரு கண்கூட வாங்கியதில்லை. அந்தக் காசை அம்புக்குப் போடலாம் என்பான்.

எதிரணியின் கத்திக்காரன் ஸாங், இந்த ஆட்டத்திலேயே இரண்டு முறை பின்பக்க இருட்டிலிருந்து பாய்ந்து அவனைச் சாய்த்திருந்தான். இப்போது எதிரணி ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கி டிராகனை அடிக்கும் சத்தம் கேட்டது. அதை அவர்கள் கொன்றால் அதன் பலம் அவர்களுக்கு வந்துவிடும், இவர்கள் கோட்டை தாங்காது. உள்ளே போய்த் தடுத்தாக வேண்டும். ஆனால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியவில்லை.

மியாவ் ஷுவிடம் மிஞ்சியிருந்தது ஒரே கண். அதைப் பள்ளத்தின் வாயில் நடுவாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவளோ பின்னால் ஓடி, மேல் காட்டுப் பாதையின் திருப்பத்தில் நட்டுவிட்டு வந்தாள். எல்லோரும் முதலில் சோதிக்கிற மூலை அது.

"அங்க எந்தப் பேய் வரும்னு நட்ட? இங்க நான் குருடன் மாதிரி நிக்கிறேன்."

"கொஞ்சம் பொறுண்ணே."

டிராகனின் உறுமல் தளர்ந்துகொண்டே வந்தது. தெங் வெய் பள்ளத்தின் விளிம்பிலேயே மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான். அப்போது காட்டுப் பாதையில் இருந்த வெளிச்சப் புள்ளி அணைந்தது. யாரோ வெளிச்சத்துக்கு வெளியே நின்றபடியே கண்ணை உடைத்துவிட்டார்கள். யாரென்று திரை சொல்லாது.

"ஸாங் அங்க இருக்கான். உள்ள நாலு பேருதான், இறங்கு."

"அவனப் பாத்தியா?"

"பாக்கல. மத்தவங்க அவசரத்துல கண்ணத் தாண்டிப் போயிருவாங்க. அவனுக்குக் கை சும்மா இருக்காது."

தெங் வெய்க்கு அப்போதுதான் உறைத்தது. முன்பு இரண்டு முறையும், ஸாங் பாய்வதற்குச் சற்றுமுன் பின்னால் எங்கோ ஒரு கண் அணைந்திருந்தது. அவனும் பார்த்திருந்தான், ஒரு கண் நஷ்டம் என்று நினைத்ததோடு சரி. அவள் அதை ஸாங்கின் காலடித்தடமாக எடுத்து வைத்திருந்தாள். தங்களுக்கு வெளிச்சம் காட்டத்தான் கண் என்று அவன் எண்ணியிருக்க, உடைபடுவதற்கென்றே ஒன்றை நட்டிருந்தாள்.

அவன் அணியோடு இருட்டுக்குள் இறங்கினான். நாலு பேர்தான் இருந்தார்கள். ஸாங் சுற்றுவழியில் ஓடிவந்து சேர்ந்தபோது நாலாவது ஆளும் விழுந்துகொண்டிருந்தான். அதன்பின் எதிரிக் கோட்டை விழ அதிக நேரம் ஆகவில்லை.

கைகுலுக்க வந்த ஸாங், மற்றவர்களை விட்டுவிட்டு மியாவ் ஷுவின் முன்னால் நின்றான்.

"அந்தக் கண்ண எனக்காகத்தான் வச்சியா?"

"ஆமா. நீ இன்னிக்குன்னு பாத்து திருந்திருவியோன்னு பயந்துட்டேன்."

ஸாங் சிரித்துவிட்டான். வேறு வழியில்லை.

அடுத்த வாரம் மாகாணப் போட்டியின் முதல் ஆட்டம். தொடங்கியதும் தெங் வெய் கடையைத் திறந்து, அம்புகளின் வரிசையைத் தாண்டிப் போய், ஒரு கண் வாங்கினான்.

"எங்க நடட்டும்?" என்று மியாவ் ஷுவிடம் கேட்டான்.