பெட்டூனியாவைப் பிடுங்குவது

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். பதினோரு மணிக்கு நடுவர்கள் வருவார்கள்.

1

கதை கிடைத்தது நடைப்பயிற்சியில். ஒஹையோவில் எங்கள் தெருவில் ஒரு வாசலில் மூன்று பூந்தொட்டிகள். முன்னால் அசையாமல் ஓர் ஆள். நான் திரும்பி வரும்போதும் அப்படியே நின்றிருந்தான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

டார்லாவின் வலது கையில் மாவுக்கட்டு. தேவாலயம் நடத்தும் இலையுதிர்கால வாசல் அலங்காரப் போட்டியில் மூன்று வருடமாக எதிர்வீட்டு நாத்தனார் ட்ரூடியிடம் தோற்றவள். இந்த முறை செவ்வந்தி, அலங்கார முட்டைக்கோஸ், பரங்கிக்காய் எல்லாம் தயார். அவற்றை வைக்க, தொட்டியிலிருக்கும் கோடைப் பூச்செடியான பெட்டூனியாவைப் பிடுங்குவதுதான் பாக்கி. அதற்குக் கணவன் மெர்ல் இருக்கிறான்.

"பூத்துக்கிட்டிருக்கு டார்லா."

"தெரியுது. பிடுங்கு."

"மொட்டு வேற வச்சிருக்கு."

[முதல் வரைவில் மெர்ல் பள்ளி ஆசிரியன். படித்த எல்லோரும் நம்பினார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது கசாப்புக்காரன்.]

"முப்பது வருஷம் பன்னி வெட்டினவன்தானே நீ?"

"கடைக்கு வரும்போதே அது செத்துதான் வரும்."

3

தொட்டியில் செடி நடுவதற்கு இங்கே ஒரு கணக்கு உண்டு: நடுவில் உயரமாக ஒன்று, இடத்தை நிரப்ப ஒன்று, விளிம்பில் வழிய ஒன்று. கதைக்கும் அதையே வைத்துக்கொண்டேன். உயரம் டார்லா. நிரப்ப மெர்ல். வழிவதற்கு, விஷம் தோய்ந்த புன்னகையுடன் ட்ரூடி தெருவைக் கடந்து

(வேண்டாம். சாதாரணமாக வரட்டும்.)

ட்ரூடி காப்பிக் கோப்பையோடு வந்தாள்.

"என்ன தம்பி, உங்க வீட்ல இன்னும் ஜூலையா?"

"நீயாவது பிடுங்கிக் கொடேன் அக்கா."

"நான் பிடுங்கி அவ ஜெயிக்கவா? எனக்கென்ன பைத்தியமா?"

4

முடிவுகள்.

அ. திடீரென உறைபனி. பெட்டூனியா தானே கருகுகிறது. (வானிலையை வைத்து முடிப்பது சோம்பேறித்தனம்.)

ஆ. டார்லா இடது கையால் பிடுங்கி ஜெயிக்கிறாள். எழுதிப் பார்த்தேன். குனிந்தாள், தண்டைப் பிடித்தாள்.

"ஆமா மெர்ல். நாலஞ்சு மொட்டு இருக்கு."

அவளை வற்புறுத்தினேன். இழுத்தாள், வேர் மண்ணோடு

அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கும் மனசு வரவில்லை.

5

மணி பத்தே முக்கால். மெர்ல் கையுறைகளைக் கழற்றி டார்லாவிடம் நீட்டினான். அவள் மாவுக்கட்டைக் காட்டினாள், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. ட்ரூடி கோப்பையைக் காட்டினாள். என்னிடம் நீட்டினான். நான் பேனாவைக் காட்டினேன்.

தெருமுனையில் நடுவர்களின் கார் திரும்பியது. மெர்ல் இந்தப் பக்கம் பார்த்தான்.

"இவ்வளவு நேரம் சும்மாதானே படிச்சிட்டிருந்தீங்க. கொஞ்சம் பிடுங்கிக் கொடுத்துட்டுப் போறீங்களா?"