மூன்றாவது முறையும் அதே கீச்சொலி

...அப்படியென்றால் கண்டென்சரும் இல்லை, வேறென்ன, நேற்றே வரிசையாகப் பதினொன்றையும் மாற்றியாயிற்று, ஈயம் வைத்த இடமெல்லாம் முத்து முத்தாக மின்னுகிறது, இதற்கு மேல் என்னதான் செய்ய... அவள் பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மேசைமேல் வயிறு பிளந்து கிடந்தது அந்த நாற்பது வயது சிந்தசைசர் கீபோர்டு. ஒரே மாதத்தில் மூன்றாவது முறை. சூடேறி அரைமணி ஆனால் ஊசி போலக் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறதாம், ஒவ்வொரு முறையும் காத்திருந்தாள், வரவில்லை, வராத சத்தத்துக்கு எதையோ மாற்றினாள், சரியாகிவிட்டது என்று அனுப்பினாள். "ரெக்கார்டிங்ல அப்படியே விழுதும்மா, இனிமே என்னக் கூப்பிடவே மாட்டாங்க," என்றார் காலையில் போனில், அதை வாசிக்கிறவர், கோபப்பட்டிருந்தாலாவது தேவலை, கெஞ்சினார். ஐந்து மணிக்கு வந்து நிற்பார். இப்போதே நாலேகால். இருபத்தாறு வருஷத் தொழில், பெட்டியைத் திறக்காமலே காதைக் கொடுத்துக் கோளாறைச் சொல்கிறவள் என்று பெயர், அந்தப் பெயரை இந்த ஒரு பெட்டி...

போன தடவை அவரிடம் என்ன சொன்னாள்? காதை டாக்டரிடம் காட்டுங்கள் சார் என்று, சிரித்துக்கொண்டே. சீ. சரி, ஒலியலையைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை மாட்டித்தான் பார்ப்போமே, இத்தனை நாள் ஏன் மாட்டவில்லை, காதே போதும் என்ற திமிர்தான், வேறென்ன... திரையில் நேராக ஓடவேண்டிய பச்சைக் கோடு பொடிப்பொடியாக நடுங்கியது. இருக்கிறது! அவளுக்கு அழுகையே முட்டிக்கொண்டு வந்தது, பிடித்தாயிற்று, ஆனால் சத்தம் எங்கே? ஒலியைக் கூட்டினாள், முழுக்கக் கூட்டினாள், ஸ்பீக்கர் வலையில் காதை ஒட்டவைத்தாள், ஒன்றுமில்லை, கோடு மட்டும் நடுங்கிக்கொண்டே...

"அக்கா! அந்தச் சனியனக் கொஞ்சம் நிறுத்தேன், தலைக்குள்ள குடையுது!" அடுத்த அறையில் தங்கை, தையல் மிஷினை நிறுத்திவிட்டு.

"எது?"

"எதுவா? அந்தப் பெட்டி இங்க வர்றப்பல்லாம் இதே கூத்துதான். உன் வேலையாச்சேன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்."

வரும்போதெல்லாம். இரு, இரு, முதலில் வேலை, மற்றதை அப்புறம் நினைக்கலாம்... மின்சாரப் பலகையை மரக்குச்சியால் இடம் இடமாக அழுத்திக்கொண்டே போனாள், ஓரத்தில் ஒரு பாகத்தின் கம்பிக்காலடியில் அழுத்தியதும் கோடு சட்டென்று நேரானது, குச்சியை எடுத்தால் மறுபடி நடுக்கம். தலைமயிர் அளவுக்கு ஈயத்தில் ஒரு விரிசல். மற்றதையெல்லாம் மாற்றினாய், இதைப் பார்த்தாயா? பழைய ஈயத்தை உருக்கி எடுத்துப் புதிது வைத்தாள். கோடு நிமிர்ந்தது.

"இப்ப?"

"அப்பாடா. நின்னுடுச்சு."

அவளுக்கு எதுவும் நிற்கவில்லை, முன்பு இருந்த அதே அமைதி, இப்போதும் அதே அமைதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட... அப்படியென்றால் இந்த வருஷம் சத்தமே இல்லை என்று சத்தியம் செய்து அனுப்பிய மற்ற பெட்டிகள்? எத்தனை? யார் யார்? கதவு திறந்தது, அவர் உள்ளே வராமலே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், சரியாயிடுச்சாம்மா என்று கேட்டார், நிமிர்ந்து ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், "நின்னுடுச்சாம், சார்," என்று வந்தது.