ஒன்பதாம் மாடிக்கு ஒரு பொதி

காலை ஏழு மணிக்கு என் வேலை முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நாலாம் மாடி ஹெர்ஷல் ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பதர்ஸ்ட் வீதியில் அந்த அடுக்குமாடிக்கு நான் இரவுக் காவல். பைக்குள் கசகசா வைத்துச் சுட்ட முக்கோணப் பணியாரங்கள், சின்னப் போத்தலில் திராட்சைச் சாறு, மடித்த கடதாசித் துண்டு ஒன்று. அவர் பேசியது ஆங்கிலம். எங்கள் பேச்சில்தான் எனக்கு அதைச் சொல்ல வரும்.

"ஒன்பதாம் மாடிக்கு. என்ரை தம்பி அவ்ரமுக்கு."

"நீங்களே லிப்ற்றிலை போய்க் குடுக்கலாமே?"

"ஆளிட்டைக் குடுத்து அனுப்பிறதுதான் விசேசம். அதோட, நான் போனா அவன் கதவு திறக்கான்."

ஆறு வருடத்துக்கு முன் அவர்களுடைய யூதத் தொழுகைக்கூடத்தை விற்பதா விடுவதா என்று பிரச்சினை. அண்ணன் விற்கச் சொன்ன பக்கம், தம்பி மற்றப் பக்கம். அதன்பிறகு ஒருவர் நிற்கிற லிப்ற்றில் மற்றவர் ஏறுவதில்லை.

அன்றைக்கு யூதரின் பூரிம் பண்டிகை. கதையை ஹெர்ஷல் நின்றபடியே சொன்னார். யூதரை அழிக்கச்சொல்லிப் பாரசீக அரசனிடம் எதிரி கோள் சொல்லும்போது, 'சிதறிப்போய்ப் பிரிஞ்சு கிடக்கிற ஒரு சனம் இருக்கு' என்றுதான் தொடங்கினானாம். உயிர் போனாலும் போகட்டுமென்று அரசனிடம் புறப்பட்ட யூத ராணி முதலில் தன் ஆட்களிடம் கேட்டது ஒன்றுதானாம்: எல்லா யூதரையும் ஒன்றாகக் கூட்டுங்கள்.

"அதாலைதான் இண்டைக்கு ஆளாளுக்குச் சாப்பாடு அனுப்பிறம். மூண்டு மணி விருந்துக்கு வரச்சொல்லித் துண்டு வைச்சிருக்கிறன். எனக்கு எண்பத்தொண்டு. இனிக் கேக்கமாட்டன்."

கதை எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்ச்சங்கமும் உடைந்து, ஒரே ஞாயிறில் இரண்டு பூங்காவில் இரண்டு ஒன்றுகூடல் வைக்கிறது. ஒன்றுக்கு அக்கா போவாள், மற்றதுக்கு அத்தான். நான் இரண்டிலும் போய்த் தின்பேன். அதன்பிறகு நான் செய்ததை விளங்காமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

லிப்ற்றில் போய்வர இரண்டு நிமிடம். நான் போகவில்லை. தை மாதம் நான் மேசையில் தலை வைத்து உறங்கியதைப் படமெடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பியவர் இந்த அவ்ரம். படிப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த ஒரே வேலை அது. அதையும் பறிக்கப் பார்த்த மனிதனுக்கு நான் பணியாரம் காவிக்கொண்டு போவதா? பிறகு கொடுப்போம் என்று சொல்லிக்கொண்டு பையை என் லொக்கருக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு என்று ஒன்று இல்லை என்பது பூட்டும்போதே தெரியும்.

வெக்ஸ்போர்ட்டில் வீட்டுக்கு வந்து படுத்தேன். நாலரைக்கு போன் அடித்தது. பகல் காவல் றோய்.

"கிருபன், நாலாம் மாடிக் கிழவர் மூண்டு தரம் வந்திட்டார். ஏதோ பார்சலாம். மேல குடுத்தனியோடா?"

"ஓம், காலமையே குடுத்திட்டன்."

"அப்ப சரி. சொல்லிவிடுறன். மனுசன்ரை முகத்தைப் பாக்கேலாது மச்சான்."

போனை வைத்தபிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது. பொதி கிடைத்தும் தம்பி வரவில்லை. ஹெர்ஷலுக்கு இப்போது அதுதான் செய்தி. அண்ணன்-தம்பி ஆறு வருடத்தில் செய்யாததை நான் ஒரு வசனத்தில் செய்துவிட்டேன். றோயைத் திருப்பி அழைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் சொல்லவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். நெடுஞ்சாலை நிரம்பி வழிந்தது.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க, லொக்கரில் இருந்து எடுத்த பையோடு ஒன்பதாம் மாடிக் கதவைத் தட்டினேன். அவ்ரம் கழுத்துப்பட்டி கட்டி, கோட்டும் போட்டிருந்தார். வீட்டில் தனியாகத்தான் இருந்தார். துண்டை வாசித்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"எப்ப தந்தவன்?"

"காலமை ஏழு மணிக்கு."

"நித்திரையாப் போனியோ?"

ஓமென்றால் முடிந்திருக்கும். அவரே வழி தந்தார்.

"இல்லை. வேணுமெண்டுதான் தரேல்லை. நீங்கள் என்னைப் படமெடுத்து அனுப்பினீங்கள்."

அவர் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவோடு மல்லுக்கட்டினார். நான் குனிந்து கட்டப்போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"வா. நீயே சொல்லு அவனுக்கு."

லிப்ற்று ஏழாம் மாடியில் நின்றது. பண்டிகைக்கு முகமூடி போட்ட இரண்டு பிள்ளைகள் ஏறி எங்களைப் பார்த்து உறுமினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நாலாம் மாடிக் கதவுக்குப் பின்னால் கதிரைகள் மடிக்கிற சத்தம் கேட்டது. அவ்ரம் தட்டவில்லை. பொதியை நெஞ்சோடு பிடித்தபடி சுவரோரம் ஒதுங்கி நின்றார். நான்தான் தட்டினேன்.

ஹெர்ஷல் கதவைத் திறந்தார். ஒரு கையில் ஊத்தைக் கடதாசித் தட்டுகள். தம்பியை அவர் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.