நல்ல கொழுப்பு

கணவரின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி நழுவியிருந்தது. அவள் அதை அவிழ்த்து மீண்டும் கட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய அக்கா பயணக் களைப்போடு, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே வந்தாள்.

"தம்பி கடைசியா என்ன பேசினான்?"

காலையிலிருந்து எல்லோரும் கேட்ட கேள்வி. மற்றவர்களிடம், "தூக்கத்துலயே போயிட்டாரு" என்று சொல்லித் தப்பித்திருந்தாள். நாத்தனாரிடம் அது செல்லாது.

நான்கு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வெல்டிங் பட்டறையை மூடியபின் அவருக்கு மிஞ்சியது வாய் மட்டுமே. போன மாதம் டாக்டர், "ரத்தத்துல நல்ல கொழுப்பு குறைஞ்சிருக்கு. துத்தநாகச் சத்தும் பத்தலை. மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்" என்றார்.

"எனக்கா சார் கொழுப்பு குறைவு? என் சம்சாரத்தைக் கேளுங்க."

டாக்டரே சிரித்துவிட்டார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த மாத்திரை அவருக்குக் குமட்டியது. அதை விழுங்க வைக்கும் பாடும் அவள் தலையில் விழுந்தது.

"வாயைத் திறந்து சொல்லேன்" என்றாள் நாத்தனார்.

"நேத்து மாத்திரையைத் துப்பிட்டாரு அண்ணி. எனக்கும் அலுத்துப்போச்சு. 'கொழுப்பா உங்களுக்கு?'ன்னு கத்திட்டேன்."

"அதுக்கு அவன்?"

"'அது இல்லாமத்தானேடி இந்த மாத்திரை'ன்னாரு. நான் பதிலே பேசலை. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டேன். காலையில எழுப்பினா…"

நாத்தனாரின் உதடுகள் கோணின. அழப்போகிறாள் என்று இவள் நினைத்தாள். வந்தது சிரிப்பு. நாத்தனார் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படவா! கடைசி வரைக்கும் அடங்கலை பாரு. நீ சிரிக்கத்தான் சொல்லியிருக்கான். சிரிச்சியா?"

"இல்லை அண்ணி."

அவள் பாதியில் விட்ட தாடைத் துணியைக் கட்டி முடித்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. நால்வர் உள்ளே வந்து உடலைத் தூக்கக் குனிந்தனர். அவர்களுள் ஒருவர், டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்த இடக்கையைப் பற்றினார். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. பை மாட்டக் கூடாது. உறக்கத்தில் அவர் அதன்மேல் புரண்டால்கூட, அவள் எழுந்து மெல்ல விடுவித்துவிடுவாள்.

"அந்தக் கையை அழுத்தாதீங்க" என்றாள்.

தூக்க வந்தவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, முதுகின் அடியில் தாங்கிக்கொண்டார்.