ஐம்பதாம் எண்

தெருவில் அவனுக்கு வைஃபைக்காரன் என்றுதான் பெயர். யார் வீட்டில் நெட் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டில் எந்தக் கருவி நிற்காமல் ஓடவேண்டுமோ, அதை ரௌட்டர் தரும் ஐபி முகவரியை, நெட்டில் அதன் கதவு எண்ணை, வாங்க விடமாட்டான். கையாலேயே ஒன்றைப் போட்டுவிடுவான், கடைசி எண் ஐம்பது. "ஐம்பது நமக்குக் கைராசி" என்பான். ராசியாம், பெரிய ராசி!

பக்கவாதத்தில் அப்பா படுத்தபோது கட்டிலில் ஒரு பொத்தானைக் கயிற்றில் தொங்கவிட்டான். அழுத்தினால் வைஃபை வழியாக அவன் போனிலும் மனைவி போனிலும் மணி அடிக்கும். அதற்கும் ஐம்பதுதான் போட்டான். ஒன்றுக்குப் போவதென்றாலும் அப்பாவுக்கு அந்தப் பொத்தானே கதி.

வீட்டில் டியூஷன் எடுக்கும் மனைவி, வினாத்தாள் அடிக்க ஒரு பிரிண்டர் வாங்கினாள். இணைக்கத் தெரியாமல் போன் செய்தபோது அவன் எங்கோ ஏணி மேல் நின்றிருந்தான்.

"என்னமோ முகவரி கேக்குதுங்க."

"கடைசில ஐம்பது போடு" என்று சொல்லி வைத்துவிட்டான். வாய்ப்பழக்கம், வேறென்ன?

ஒரே முகவரியை இரண்டு கருவிக்குக் கொடுத்தால் ஒன்று முடங்கும் என்று தெருவுக்கே பாடம் எடுப்பவன் அவன். அவன் வீட்டிலேயே பிரிண்டர் ஓடும் நேரமெல்லாம் அப்பாவின் மணி ஊமையாகிவிட்டது.

"அடிச்சேன்டா, யாரும் வரலியே" என்பார் அப்பா, நனைந்த படுக்கையில். வேலை முடிந்து வந்து அவன் அழுத்திப் பார்ப்பான். அப்போது பிரிண்டர் அணைந்திருக்கும். மணி கணீரென்று அடிக்கும்.

"நல்லாத்தானே அடிக்குது? கனவு கண்டிருப்பீங்க."

இன்னொரு நாளும் அதே புகார் வந்தபோது கத்தியேவிட்டான். "சும்மா சும்மா பொய் சொல்லாதீங்கப்பா! செய்யறதையும் செஞ்சிட்டு மணி மேல பழி போடறீங்க!"

"சரிப்பா" என்றார் அப்பா. பெற்ற மகனுக்கு முன்னால் அப்படிக் குறுகிப்போனார், பாவம்.

அடுத்த வாரமே, தானாக எழப்பார்த்துக் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தூக்கும்போது பொத்தான் அவர் கைக்குள் இறுகிக் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தவன், காலிக் கட்டிலில் உட்கார்ந்து அதை அழுத்தினான். மணி அடிக்கவில்லை. பேட்டரியை மாற்றினான். ரௌட்டரை அணைத்துப் போட்டான். ம்ஹூம். பக்கத்து அறையில் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப் பழைய ரிப்போர்ட்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். போனில் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்தான். ஐம்பதுக்கு நேராகப் பிரிண்டரின் பெயர் இருந்தது.



"அந்தப் பிரிண்டர நிறுத்து!"

நிறுத்தினாள். மறுபடி அழுத்தினான். இரண்டு போனும் சேர்ந்து அலறின. மனைவி ஓடிவந்து பார்த்தபோது, அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

பிரிண்டருக்கு வேறு எண்ணைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அப்பாவின் காதருகே குனிந்தான்.

"அப்பா, அந்த மணி..." என்று தொடங்கினான்.

அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். மிரண்டுபோய், நல்ல கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இல்லப்பா. இனிமே மணி அடிக்க மாட்டேன்" என்றார்.